மார்கழியில் நின்ற ரயில்

இந்த எபிசோட் எங்க வீட்டுச் சண்டை ஒண்ணுல ஆரம்பிக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க, வரலாறு ரெண்டு நிமிஷத்துல வந்துடும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி ஒண்ணு. எங்கம்மாவுக்குத் திருச்செந்தூர்ல ஒரு வேண்டுதல் பாக்கி இருந்துச்சு. அதுக்காகவே நான் பெங்களூர்ல இருந்து கிணத்துக்கடவு வந்திருந்தேன். எங்க ஊர்லயே மலை மேல முருகன் இருக்கார், பொன்மலை வேலாயுதசாமி. பக்கத்துல பழனி இருக்கு. இருந்தாலும் கடலோரத்து முருகனையும் பார்க்கலைன்னா கொங்குநாட்டுக்காரங்களுக்குக் கணக்கு முடியாது. பொள்ளாச்சி போய், பாலக்காட்டுல இருந்து வர்ற திருச்செந்தூர் ட்ரெயினைப் பிடிச்சா போதும். பழனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியா ஒரே வண்டியில போயிரலாம். அம்மா, மாமா, நான், மூணு பேருக்கும் டிக்கெட் போட்டது நான்தான்.

கிளம்பும்போதே அம்மிச்சி வாசல்ல நின்னு தடுத்தாங்க. அம்மாவோட அம்மாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். "டிவியில அந்தப் பக்கம் மழைங்கறான். மார்கழியில கடலுக்கிட்டப் போகாதீங்க சாமி." நான் ஆப்பைத் திறந்து காட்டினேன். அதுல ஒரு மேகப் படம், கீழ மூணு சொட்டுத் தண்ணி. "புயல் இல்லைங்க அம்மிச்சி, வெறும் மழைதான்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

அம்மிச்சி விடலை. பழனி தாண்டினதும் ஒரு ஃபோன், திண்டுக்கல்ல ஒரு ஃபோன். மதுரை வந்ததும் மாமா எந்திரிச்சு பையை எடுத்துட்டார். "மாப்ளே, எறங்கு. அம்மா கூப்புட்டுக்கிட்டே இருக்குது. மீனாட்சியைக் கும்பிட்டுட்டுத் திரும்பிரலாம்."

எனக்குச் செம கோபம். லீவு, டிக்கெட், ரூம் எல்லாம் போச்சு. "நீங்க என்னங்க மாமா, அந்த ஆப்பை விடவா அம்மிச்சிக்குத் தெரியும்?"னு பிளாட்பாரத்துல நின்னு கேட்டேன். அவர் பதில் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி மதுரை லாட்ஜ்ல நான் யார்கிட்டயும் பேசலை.

மறுநாள் காலையில எங்க எல்லார் ஃபோன்லயும் ஒரே செய்தி. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில், சுமார் 800 பயணிகளோட, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நிக்குது. சுத்தி வெள்ளம், யாரும் கிட்டப் போக முடியலை.

அந்தச் செய்தியைப் படிச்சதும் அம்மிச்சி ஏன் அப்படிப் பயந்தாங்கன்னு கேட்கத் தோணுச்சு. ஊருக்கு வந்து கேட்டேன். அவங்க சொன்னது வேற ஒரு டிசம்பர், வேற ஒரு ரயில். அங்க போயிட்டு மறுபடி ஸ்ரீவைகுண்டத்துக்கு வருவோம்.

1964, டிசம்பர் 22

முதல்ல ஒரு ஊரை மனசுல வரைஞ்சுக்குங்க. ராமேஸ்வரம் தீவோட தென்கிழக்கு மூலையில, ஒரு விரல் மாதிரி கடலுக்குள்ள நீண்டு போற மணல் திட்டு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அதுல இருந்த ஊர்தான் தனுஷ்கோடி. இன்னைக்கு நாம ரீல்ஸ்ல பாக்கற அந்த இடிஞ்ச சர்ச் சுவர் அப்போ முழு சர்ச். ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், ஸ்கூல் எல்லாம் இருந்த துறைமுக ஊர் அது.

காரணம் இலங்கை. 1914 பிப்ரவரியில பாம்பன் கடல் பாலம் திறந்தாங்க. அதுக்கடுத்த சில நாள்லயே சென்னையில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி அங்கிருந்து கொழும்புக்கு ரயில்னு ஒரு தொடர் பயணம் ஓட ஆரம்பிச்சிருச்சு. போட் மெயில்னு இன்னமும் பெரியவங்க சொல்றது அதைத்தான்.

பாம்பன்ல அந்தப் பாதை ரெண்டாப் பிரியும். ஒண்ணு ராமேஸ்வரம் கோயிலுக்கு, இன்னொண்ணு தனுஷ்கோடிக்கு. ரெண்டும் மீட்டர் கேஜ். எங்க கிணத்துக்கடவு வழியாப் போன தண்டவாளமும் அந்தக் காலத்துல அதே மீட்டர் கேஜ்தான். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, ராமநாதபுரம், பாம்பன்னு அகலம் மாறாம ஒரே இரும்புக் கோடு. பின்னாடி கோயம்புத்தூர் - ராமேஸ்வரம் வண்டியும் எங்க ஊர் வழியாத்தான் ஓடுச்சு. அகல ரயில் பாதை வேலைக்காகப் பாதையை மூடற வரைக்கும் அது இருந்துச்சு. 2017-ல பாதை திரும்பத் திறந்தப்போ பழைய மீட்டர் கேஜ் காலம் முடிஞ்சிருச்சு. நான் சொல்ல வர்றது இதுதான்: தனுஷ்கோடி எங்க ஊர்க்காரங்களுக்கு எங்கேயோ இருந்த ஊர் இல்லை. அமாவாசைக்கும் தர்ப்பணத்துக்கும் போயிட்டு வந்த ஊர்.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி வாக்குல, அந்தமானுக்குத் தெற்கே கடல்ல ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாச்சு. ரெண்டு நாள்ல அது தீவிரப் புயல். மேற்கு நோக்கி நகர்ந்து 22-ஆம் தேதி இலங்கையோட வவுனியா பக்கமாக் கடந்து, அன்னைக்கு ராத்திரி பாக் நீரிணைக்குள்ள நுழைஞ்சது. காத்தோட வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. கடல் 20 அடிக்கு மேல எழும்பித் திட்டு மேல ஏறினதா பதிவு இருக்கு.

அதே ராத்திரி 11.55 மணிக்கு, பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் நம்பர் பயணிகள் ரயில் கிளம்புச்சு. கணக்குப்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடியைத் தொடறதுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி, ராட்சத அலை வந்து வண்டியை அடிச்சது. யாரும் பிழைக்கலை.

அந்தப் புயல்ல இந்தியாவிலயும் இலங்கையிலயுமா செத்தவங்க 1,800 பேராவது இருக்கும்னு மதிப்பீடு. தனுஷ்கோடியை அரசாங்கம் மனுஷர் வாழத் தகுதியில்லாத ஊர்னு அறிவிச்சது. போட் மெயில் அதுவரைக்கும் கடைசியாப் போய் நின்ன அந்த ஊர் அதுக்கப்புறம் இல்லவே இல்லை.

எரியாத சிக்னல்

இந்த ரயிலைப் பத்திப் பேசற எல்லாரும் ஒரு காட்சியைச் சொல்லுவாங்க. ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி சிக்னல் எரியலை. டிரைவர் வண்டியை நிறுத்தினார். இருட்டு, காத்து, எந்தப் பதிலும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, நீளமா ஒரு விசில் கொடுத்துட்டு, துணிஞ்சு வண்டியை நகர்த்தினார்.

இதைக் கேக்கறப்போ ஒரு கேள்வி வரணும். வண்டியில இருந்த யாரும் திரும்பலைன்னா, டிரைவர் என்ன நினைச்சார்னு யார் சொன்னது? துணிஞ்சார்னு எழுதினது பின்னாடி வந்தவங்க. அவர் மனசுக்குள்ள போய்ப் பார்க்க யாராலயும் முடியாது. அதனால நான் அந்தக் காட்சியை வெச்சு அவரைக் குத்தம் சொல்லப் போறதில்லை. ஒரு நிமிஷம் அவர் இடத்துல நில்லுங்க. ரெண்டு பக்கமும் கடல், கீழ மணல். பின்னாடி இருக்கற பாதை இன்னும் இருக்கா, தெரியாது. எட்டற தூரத்துல ஊர் இருக்கு, ஊர்ல கட்டடம் இருக்கு. நிக்கறதா, போறதா? ரெண்டுல எதுவும் பாதுகாப்பு இல்லை. அந்த எடத்துக்கு வந்து சேர்ந்த அப்புறம் எடுக்கற எந்த முடிவும் லேட்டான முடிவுதான். சரியா நிக்க வேண்டிய இடம் பாம்பன். நிறுத்தற கை அங்கதான் இருந்திருக்கணும்.

ரயில்வேல ஒரு அடிப்படை விதி இருக்கு. விளக்கு எரியாத சிக்னலைச் சிவப்பாத்தான் எடுத்துக்கணும். பழைய கைகாட்டி சிக்னலையும் அப்படித்தான் செஞ்சாங்க. இழுக்கற கம்பி அறுந்தா, எடைக்கல்லோட பாரத்துல கை தானா 'நில்'லுக்குத் திரும்பிடும். தகவல் இல்லைன்னா நில்லு. எங்க சாஃப்ட்வேர் உலகத்துலயும் இதேதான். ஒரு சர்வர் இத்தனை நொடிக்கு ஒரு தடவை 'உயிரோட இருக்கேன்'னு சொல்லணும், அதுக்குப் பேர் ஹார்ட்பீட். சொல்லலைன்னா, செத்துப்போச்சுன்னு வெச்சுக்கிட்டு அடுத்த வேலையைப் பாக்கணும். 'பதில் வரலை, அப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கும்'னு எழுதின புரோகிராம் ஒரு நாள் நடுராத்திரி உங்களை எழுப்பும்.

1964-ல தனித்தனி சிக்னலுக்கு அந்த விதி இருந்துச்சு. மொத்தப் பயணத்துக்கும் அது இல்லை. எதிர்ல புயல் வருது, அந்தப் பக்கத்துல இருந்து உறுதியான சேதி இல்லை. ஆனா நேரப்படி ஒரு வண்டி இருந்துச்சு, அது நேரப்படி கிளம்பிருச்சு.

சேதி வராத நாட்கள்

இப்போ அம்மிச்சி சொன்னது. அப்போ அவங்களுக்குப் பன்னெண்டு வயசு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர், ஊர்ல நாலு பேரோட சேர்ந்து ராமேஸ்வரம் போயிருந்தாராம். புயல் சேதி டீக்கடை ரேடியோ வழியா வந்திருக்கு, பேப்பர் வழியா வந்திருக்கு. ரயில் அடிச்சிட்டுப் போனது மெதுவாத்தான் தெரிஞ்சிருக்கு. அதுலயும் செத்தவங்க பேர் எதுவும் இல்லை.

ஏன் மெதுவா? பாம்பன் பாலமே போயிருச்சு. மொத்தம் இருந்த 146 கர்டர்ல 120-க்கும் மேல கடலுக்குள்ள. தந்தி, ஃபோன் எல்லாம் அறுந்து, தீவு தனியா நின்னுச்சு. ராமேஸ்வரம் போயிருந்த நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும்கூட அங்கயே மாட்டிக்கிட்டாங்க. சினிமாக்காரங்க ஆனதால அவங்க பத்திரமா இருக்கற சேதி ஊரெல்லாம் பரவிருச்சு. கிணத்துக்கடவுல இருந்து போனவருக்கு யார் சேதி சொல்லுவாங்க?

அவர் சம்சாரம், ரயில் வர்ற நேரம் பாத்து ஸ்டேஷனுக்குப் போய் நின்னிருக்காங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அம்மிச்சிதான் துணைக்கு. வண்டி நிக்கும், அஞ்சாறு பேர் எறங்குவாங்க, அவர் இருக்க மாட்டார். ஸ்டேஷன்ல ஒருத்தர், "சேதி ஒண்ணும் வரலீங்க, வரலைன்னா நல்லா இருக்காருன்னுதான் அர்த்தம்"னு சொல்லுவாராம். ஊர்ல வேற சிலர், சேதி வரலைன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு சொல்லி, சடங்கு பத்தியே பேச ஆரம்பிச்சுட்டாங்களாம்.

பத்து நாள் கழிச்சு அவர் எறங்கி வந்தார். தாடியோட, வேற யாரோ கொடுத்த வேட்டியோட. ராமேஸ்வரத்துல மாட்டி, படகுல மண்டபம் வந்து, கிடைச்ச வண்டியெல்லாம் ஏறி வந்திருக்கார். "அந்தம்மா அழுகவே இல்ல கண்ணு. போய் அவரு கையத் தொட்டுப் பாத்துட்டு, வீட்டுக்கு நடந்துருச்சு"ன்னாங்க அம்மிச்சி.

அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. "செத்தவங்கள நெனச்சு நான் போன் பண்ணல சாமி. அந்தப் பத்து நாள இன்னொருக்கா என்னால இருக்க முடியாது."

நான் மதுரை பிளாட்பாரத்துல கத்தினது அப்போதான் ஞாபகம் வந்துச்சு.

58 கிலோமீட்டர்

1964-க்கு அப்புறம் என்ன மாறுச்சு? ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதல்ல பாலம். அதைச் சரி பண்ண ஆறு மாசம் கொடுத்தாங்க, பிறகு அதை மூணு மாசமாச் சுருக்கினாங்க. பொறுப்புல இருந்த இளம் இன்ஜினியர் 46 நாள்ல முடிச்சார். அவர் பேர் ஸ்ரீதரன். பின்னாடி கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டின அதே மெட்ரோ மேன் ஈ. ஸ்ரீதரன்தான். கடலுக்குள்ள விழுந்த கர்டர்களைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினாங்க. நடுவுல கப்பலுக்காகத் திறந்து மூடற ஷெர்சர் பகுதி புயல்லயும் தப்பிச்சிருந்துச்சு.

இந்த 46 நாள் கதை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா எனக்கு இன்னும் பெருசாத் தெரியறது ரெண்டாவது விஷயம். அதுக்கு ஹீரோ யாரும் கிடையாது. பாம்பன் பாலத்துல பின்னாடி காத்தோட வேகத்தை அளக்கற கருவியை வெச்சு, அதைச் சிக்னலோட இணைச்சாங்க. காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டா சிக்னல் தானாச் சிவப்பு. வண்டி நிக்கும். வண்டியில மந்திரி இருந்தாலும், நமக்கு லீவு முடிஞ்சு போயிருந்தாலும் நிக்கும். பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் ஓடறது நின்னுச்சு. பக்கத்துல கட்டின புதுப் பாலத்தை 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. பழைய பாலம் ஓடின வரைக்கும், காத்துக்காக வண்டியை நிறுத்தினது ராமேஸ்வரம் பயணிகளுக்குப் பழகிப்போன விஷயம். எரிச்சல்பட்டுக்கிட்டே காத்திருந்திருக்காங்க.

அந்த 58-ங்கற நம்பரைப் பாக்கறப்போ எனக்கு 653 ஞாபகம் வருது. அன்னைக்கு ராத்திரி பாம்பன்ல நிறுத்தியிருக்க வேண்டிய கை எதுவோ, அதைத்தான் இந்தக் கருவியா ஆக்கி வெச்சிருக்காங்க.

மறுபடி ஸ்ரீவைகுண்டம்

ஸ்ரீவைகுண்டத்துல அப்படி ஒரு கருவி இல்லை. அது தாமிரபரணிக் கரையில இருக்கற சின்ன ஸ்டேஷன். 2023 டிசம்பர் 17 ராத்திரி பெய்ஞ்சது புயல் மழை இல்லை. குமரிக் கடல் மேல இருந்த ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அதுக்குப் பேர்கூட வைக்கலை. ஆப்ல அது வெறும் மேகப் படமா வந்ததுல ஆச்சரியம் இல்லை. ஆனா காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. கோயம்புத்தூருக்கு வருஷம் பூராவும் பெய்யற மழையே சுமார் 60, 70 சென்டிமீட்டர்தான். எங்க ஊரோட ஒரு வருஷ மழையை விட அதிகமா, அங்க ஒரே நாள்ல. எச்சரிக்கையை முன்கூட்டியே போதுமான அளவு சொன்னாங்களான்னு சென்னையும் டெல்லியும் அப்புறம் சண்டை போட்டுக்கிட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ராத்திரி எட்டரை மணி வாக்குல திருச்செந்தூர்ல கிளம்பின சென்னை வண்டியை ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்தினாங்க. அதுக்கு அந்தப் பக்கம், செய்துங்கநல்லூர் போற பாதையில, தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்துல போயிருந்துச்சு. தண்டவாளம் ஊஞ்சல் மாதிரி அந்தரத்துல தொங்கற போட்டோவை அப்புறம் எல்லாரும் பார்த்தோம்.

நிறுத்தினதோட கஷ்டம் முடியலை. சுமார் 300 பேரைப் பக்கத்துல ஒரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்குள்ள ரோடும் போயிருச்சு. மீதி 500 பேர் ஸ்டேஷன்லயும் வண்டியிலயும்தான். கரண்ட் இல்லை, ஃபோன் டவர் இல்லை. பக்கத்துக் கிராமத்து ஜனங்க, அவங்களே வெள்ளத்துல நின்னவங்க, இருக்கற அரிசியைப் போட்டுச் சமைச்சுக் கொடுத்தாங்க. ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாங்க, ஒரு கர்ப்பிணி உட்படச் சிலரை அதுலயே தூக்கிட்டுப் போனாங்க. 19-ஆம் தேதி பேரிடர் மீட்புப் படை மீதிப் பேரை வெளிய கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியில இருந்து தனி ரயில்ல சென்னைக்கு அனுப்பினாங்க.

ரெண்டு ராத்திரி பசியோட, இருட்டுல. ஆனா மொத்த வண்டியும் வீட்டுக்குப் போச்சு.

மழைக்கால ராத்திரியில நடுவழி ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்தினா யாருக்கும் கோபம்தான் வரும். நிறுத்தினவருக்கு அந்த நிமிஷம் பாராட்டு கிடைக்காது. தண்டவாளம் தொங்கற போட்டோ வெளிய வந்த அப்புறம்தான் எல்லாரும் கை தட்டுவோம். அந்தப் போட்டோ கிடைக்காத இடங்களும் இருக்கு. நிறுத்தினாங்க, ஒண்ணும் ஆகலை, 'தேவையில்லாம நிறுத்திட்டாங்க'ன்னு திட்டு வாங்கினாங்க, அவ்ளோதான்.

எங்க மாமாவும் அந்தக் கணக்குலதான் வருவார். நாங்க போயிருந்தா செத்திருக்க மாட்டோம், அதை நேர்மையா ஒத்துக்கணும். மத்தியானமே திருச்செந்தூர் போய்ச் சேர்ந்திருப்போம். லாட்ஜ்ல தண்ணிக்கு நடுவுல, டவர் இல்லாம ரெண்டு மூணு நாள் உக்காந்திருப்போம். எனக்கு அது ஒரு அட்வென்ச்சர் கதை. கிணத்துக்கடவுல ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அம்மிச்சிக்கு அது 1964. மாமா மதுரையில எறங்கினது எனக்காக இல்லை, அவங்களுக்காக. எனக்குத்தான் அது புரியலை.

மாமாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "அட விடு மாப்ளே"ன்னுட்டுத் தக்காளி மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டார்.

அம்மாவோட வேண்டுதலை அடுத்த வைகாசியில முடிச்சோம். அதே பாலக்காடு - திருச்செந்தூர் வண்டி. ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நின்னப்போ எறங்கி பிளாட்பாரத்துல நடந்து பார்த்தேன். வெயில் கொளுத்துச்சு, வெள்ளம் வந்த தடமே இல்லை. ஃபோனை எடுத்து அம்மிச்சிக்குப் போட்டேன். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நானே சொல்லிட்டேன்: "ஸ்ரீவைகுண்டம் வந்தாச்சுங்க அம்மிச்சி. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"செரி கண்ணு, போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு"ன்னாங்க.

இந்த மாசம் நீங்களும் எங்கயாவது கிளம்பறீங்கன்னா, போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ஃபோன் போடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.